வளைவில் ஒரு கரகரப்பு

...இந்த டீக்கோப்பையில் வாய் வைக்க முடியாது, விளிம்பில் கட்டைவிரல் ரேகை கறுப்பாக அச்சு மாதிரி விழுந்திருக்கிறது, "சூடா குடிங்கம்மா" என்று மெக்கானிக் அன்பாகத்தான் கொடுத்தார், அன்பையும் எண்ணெயையும் சேர்த்துக் கொடுத்தால் நான் என்ன செய்ய, கோப்பையைத் திருப்பிப் பிடித்தால் ரேகை அந்தப் பக்கம் போகிறது, போய்த் தொலையவில்லை, அங்கேயே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே எப்படிக் குடிப்பது. உட்கார்ந்திருக்கிற இடமும் அப்படித்தான், ஏதோ ஒரு காரிலிருந்து பிடுங்கின சீட்டைச் சுவரோரம் போட்டுவிட்டு அதற்கு வெயிட்டிங் ரூம் என்று பெயர், எத்தனை பேர் வேர்வையைக் குடித்த துணியோ, முதுகைச் சாய்க்காமல் பரீட்சை எழுத வந்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன், காலை பத்து மணியிலிருந்து. எதிரே தரையில் பழைய சைலன்சர் கிடக்கிறது, பெரிய மீனின் வயிற்றைக் கிழித்துப் போட்ட மாதிரி, உள்ளேயிருந்து துருப்பொடி, கருகிப்போன பஞ்சு, ஒரு கரண்டி கறுப்புத் தண்ணீர், அந்தத் தண்ணீர் தரைச் சரிவில் மெதுவாக என் செருப்பைத் தேடி வருகிறது, காலை ஒரு இஞ்ச் இழுத்தேன், அதுவும் ஒரு இஞ்ச் வந்தது. அதற்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர், இவர், குத்துக்காலிட்டு உட்கார்ந்து புதுக் குழாயின் வாயைத் தன் கைக்குட்டையால் துடைக்கிறார், உள்ளே விரலை விட்டு, சுற்றி, வெளியே எடுத்து, விரலைப் பார்த்து, மறுபடியும்... குழந்தைக்கு மூக்கு துடைத்துவிடுகிற மாதிரி. எங்கள் பெண்ணுக்கு ஒரு நாளும் மூக்கு துடைத்துவிட்டதில்லை இந்தக் கை. அந்தக் கைக்குட்டையை நாளைக்கு நான்தான் துவைக்க வேண்டும், தனியாக, வெந்நீரில்.

விஷயம் இவ்வளவுதான், காரின் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது, கம்பெனி அந்தக் குழாயைச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டது, அதனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புதிதாக, கொஞ்சம் அகலமாக, முன்னால் எஞ்சினிலிருந்து பின்னால் வால் வரை இரண்டு குழாய்கள் செய்து போடலாம், எஞ்சின் நன்றாக மூச்சு விடும், இழுவை கூடும் என்று மெக்கானிக் சொன்னார். மெக்கானிக்கை எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், கழுத்தில் நிஜமாகவே ஒரு ஸ்டெதாஸ்கோப் தொங்குகிறது, அதை எஞ்சின்மேல் வைத்துக் கேட்கிறார். எல்லாவற்றுக்கும் இவர் சரி என்று தலையாட்டினார், ஒரே ஒரு நிபந்தனை, குழாய் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், சத்தம் மட்டும் வண்டி ஃபேக்டரியிலிருந்து வந்தபோது இருந்த அதே சத்தமாக இருக்க வேண்டும், முடியளவு மாறக் கூடாது. சைலன்சருக்காக வருகிற பையன்கள் எல்லாம் "ஊரே திரும்பிப் பார்க்கணும் டாக்டர்" என்பார்களாம், பழைய சத்தமே வேண்டும் என்று கேட்டு வந்த முதல் ஆள் சார்தான் என்று டாக்டர் சொல்ல, இவர் முகத்தில் என்ன ஒரு பெருமை. இதைப் பெருமையாக எடுத்துக்கொள்கிற மனுஷன்.

அதில் வேடிக்கை என்னவென்றால் இவருக்குக் காது கேட்காது. சுத்தமாகக் கேட்காது என்றில்லை, தடித்த சத்தம் கேட்கும், மெல்லிசான சத்தம் எதுவும் பிடிபடாது, குக்கர் விசில் கேட்காது, காலிங்பெல் கேட்காது, பொம்பளைக் குரலில் பாதி கேட்காது. முப்பத்தொரு வருஷம் கண்ணாடி பாட்டில் செய்கிற ஃபேக்டரியில் தரம் பார்க்கிற வேலை, வெளிச்சத்துக்கு முன்னால் பாட்டில் வரிசையாக ஓடும், முடியளவு கீறலோ ஒரு குமிழோ இருந்தால் தட்டிவிட வேண்டும், நாள் முழுக்க கண்ணாடியோடு கண்ணாடி இடிக்கிற சத்தம், அது காதைத் தின்றுவிட்டது. காதைத் தின்றதே தவிர கண்ணைத் தின்னவில்லை. வீட்டுக்கு வந்தாலும் அதே வேலைதான், வெளிச்சத்துக்கு முன்னால் நானும் என் பெண்ணும் வரிசையாக ஓடுவோம், இவர் பார்ப்பார். காது டாக்டரிடம் காட்டுங்கள் என்று இரண்டு வருஷமாகச் சொல்கிறோம், எனக்கு ஒன்றுமில்லை, நீங்கள் எல்லாரும் முணுமுணுக்கிறீர்கள் என்பார். போன வாரம் பெண்ணிடம் போனில் இந்தக் கதையைச் சொன்னபோது அவள், "கடைசியா ஸ்டெதாஸ்கோப் வச்ச டாக்டர்கிட்டதான் போறாருல்ல, விடும்மா" என்றாள், சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது எனக்கு... சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம்.

பழைய சத்தம் எப்படி இருந்தது என்று டாக்டருக்குத் தெரியாது, வண்டி இங்கே வரும்போதே ஓட்டைக் குழாயோடு டிராக்டர் மாதிரி இரைந்துகொண்டு வந்தது. இவர் தன் போனில் எப்போதோ பதிவு செய்து வைத்திருந்ததைப் போட்டுக் காட்டினார், அதில் முக்கால்வாசி காற்றுச் சத்தம், மீதி யாரோ பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கிற சத்தம். அப்புறம்தான் நேற்று ராத்திரி சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கு நீயும் வா" என்றார். எதுக்கு என்றேன். "பத்தொம்பது வருஷமா அடுப்படில நின்னு கேட்டிருக்கல்ல, சரியா இருக்கான்னு சொல்லு." பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக இந்தக் கார் விஷயத்தில் என் அபிப்பிராயம் கேட்கிறார். வாங்கும்போது கேட்கவில்லை. மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு இரண்டு சீட்டு உள்ள கார், இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள், கல்யாணம் காட்சி என்றால் நானும் பெண்ணும் பஸ்ஸில், இவர் காரில், வாசலில் போய் நின்று எங்களுக்காகக் காத்திருப்பார், "ஏன் இவ்வளவு லேட்டு" என்று வேறு கேட்பார். அதற்குப் போய்த் தலை வலிக்க யோசிப்பானேன், வருவேன், கேட்பேன், அதேதாங்க, கொஞ்சங்கூட மாறலை என்று சொல்வேன், பன்னிரண்டு மணிக்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் கிளம்பினேன். இங்கே வந்தால் அதற்கென்று ஒரு சடங்கு வைத்திருக்கிறார்கள், பட்டறை வாசலில் வண்டியின் வாலிலிருந்து இருபது எட்டு எண்ணி, டாக்டர் தரையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறார், "இங்க நின்னு கேளுங்கம்மா, ரொம்பக் கிட்ட வந்தா எல்லா வண்டியும் ஒரே மாதிரிதான் கத்தும்." இன்னும் அரை மணியாம், என்னவோ ஒரு வளையத்தை இறுக்க வேண்டுமாம்.

சரியா என்று சொல்லு... எனக்கா தெரியாது. பிள்ளை பிறந்த நேரம் மறந்தாலும் அந்தச் சத்தம் மறக்காது. மெயின் ரோட்டில் வரும்போது வெறும் உறுமல், அது எங்கள் வண்டியா வேறு வண்டியா என்று சந்தேகம் இருக்கும். தெரு முனையில், அந்த மூலைவீட்டு மதிலை ஒட்டி வளையும்போது, ஒரு இடத்தில் உறுமல் சட்டென்று அறுந்து, தொண்டையில் தண்ணீர் வைத்துக் கொப்பளிக்கிற மாதிரி கரகரவென்று நாலைந்து தடவை உருண்டு, அடங்கும். அதுதான். அதற்கப்புறம் சந்தேகமில்லை. வளைவிலிருந்து வாசலுக்கு ஒரு நிமிஷம், வண்டியை நிறுத்தி, கண்ணாடிகளை மடக்கி, சுற்றி வந்து ஒரு தரம் பார்த்து, உறை போட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே வர இன்னொரு மூன்று நிமிஷம், ஆக நாலு நிமிஷம். நாலு நிமிஷத்தில் என்னென்ன செய்ய முடியும் என்று கேளுங்கள், ரேடியோவை நிறுத்தி, மேசையில் தம்ளர் வைத்த ஈர வட்டத்தைத் துடைத்து, நாற்காலியை மேசைக்கு நேராகத் தள்ளி, வாஷ்பேசினில் முடி கிடக்கிறதா பார்த்து, கொடியில் துணி கோணலாக இருந்தால் சரி செய்து, தலையைக் கையால் படிய வைத்து, வாயில் இருப்பதை விழுங்கி... பெண் ஆறு வயதிலேயே கற்றுக்கொண்டாள், தொண்டையில் கரகரவென்று சத்தம் எழுப்பி, "அம்மா, அப்பா வளைவு" என்று விரல் காட்டுவாள், இரண்டு பேரும் திசைக்கு ஒருவராக ஓடுவோம், சிரிப்பு வேறு, என்னவோ விளையாட்டு மாதிரி. விளையாட்டா அது. இவர் அடித்ததில்லை, சத்தம் போட்டதில்லை, அதை நான் சொல்லத்தான் வேண்டும், ஒரே ஒரு கேள்விதான், "என்ன இது?" கேட்டுவிட்டு மூக்கின் ஒரு பக்கம் மட்டும் லேசாக மேலே ஏறும், அழுகின பழத்தில் கை வைத்துவிட்ட மாதிரி. கீறல் விழுந்த பாட்டிலைப் பார்க்கிற முகம். அந்த மூக்கு ஏறினால், எந்தத் தப்பும் செய்யாமலே என்மேல் என்னவோ நாறுகிறது என்று தோன்றும், போய்க் கை கழுவுவேன், ஏன் என்று தெரியாமல் கழுவுவேன். இப்போது கோப்பையைப் பார்த்தபோதுகூட... என் மூக்கும் அப்படித்தான் ஏறியிருக்கும். டாக்டர் பார்த்திருப்பார். முப்பது வருஷம் கூட இருந்தால் மூக்குகூட ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது, சீ.

வண்டி பட்டறைக்கு வந்து இன்றைக்குப் பதினோரு நாள். இவர் ஃபேக்டரிக்கு டாக்ஸியில் போய் டாக்ஸியில் வந்தார். முதல் இரண்டு நாள் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா, அந்தக் கரகரப்பு இல்லாத சாயங்காலம், ஆஹா, காதில் யாரோ எண்ணெய் விட்டு இதமாகத் தடவின மாதிரி. மூன்றாம் நாள்தான் அது நடந்தது. மேசைமேல் பேப்பரை விரித்து, ஆரஞ்சு உரித்து, தோலைக் கண்ட இடத்தில் போட்டு, கொட்டையை உள்ளங்கையில் துப்பி, இவருடைய நாற்காலியில் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு பெண்ணோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறேன். அப்போதுதான் அந்தக் காது டாக்டர் பேச்சு, அந்தச் சிரிப்பு. சிரிப்போடு சிரிப்பாக அவள், "அம்மா, வளைவு செஞ்சு காட்டும்மா, கேட்டு எவ்ளோ நாளாச்சு" என்றாள், நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு, உறுமி, அறுத்து, கரகரவென்று உருட்டி, அதோடு விட்டேனா, கதவைச் சாத்துகிற சத்தம், செருப்புச் சத்தம், கடைசியில் அந்த "என்ன இது", மூக்கை வேறு தூக்கிக்கொண்டு, போனில் மூக்கு தெரியுமா, இருந்தாலும் தூக்கினேன். திரும்பினால் வாசற்படியில் இவர். டாக்ஸிக்குச் சத்தம் ஏது. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. "பேசி முடி" என்றார். ஒரு காகிதத்தைக் கிழித்து, அதால் ஆரஞ்சுத் தோலை ஒவ்வொன்றாக, தொடாமல் எடுத்து, குப்பைத்தொட்டிவரை நடந்து போய்ப் போட்டுவிட்டு வந்தார், பதினோரு துண்டு, பதினோரு நடை. என்ன இது என்று கேட்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். உள்ளங்கையில் கொட்டைகளை வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன், எச்சில் கொட்டைகள், வெதுவெதுப்பாக. காது கேட்டதா கேட்கவில்லையா... மெல்லிசான சத்தம்தானே கேட்காது, என் சிரிப்பு கேட்டிருக்காது, பேச்சு கேட்டிருக்காது, ஆனால் அந்தக் கரகரப்பு தடித்த சத்தம். அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஜன்னலுக்குப் போகிறேன், போன் பேசினால் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்து பேசுகிறேன், ஆரஞ்சு வாங்கவே இல்லை.

"அம்மா, வரீங்களா? வண்டியப் போடப் போறேன்." எழுந்தேன், புடவைக் கொசுவத்தைக் கறுப்புத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு போய்ப் பெருக்கல் குறியில் நின்றேன். இவர் வண்டிக்கு அந்தப் பக்கம், கையைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் குழாயின் வாயையே பார்த்தபடி. டாக்டர் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினார். முதலில் பொத்தென்று புகை, கொஞ்சம் தண்ணீர் துப்பியது, பெட்ரோலும் சுட்ட இரும்பும் கலந்த நாற்றம், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அப்புறம் சத்தம். நல்ல சத்தம்தான், யாரைக் கேட்டாலும் நல்ல சத்தம் என்பார்கள், வழவழவென்று, பட்டுத் துணியைக் கிழிக்கிற மாதிரி. டாக்டர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார், ஏறியது, காலை எடுத்தார், சறுக்கி இறங்கியது. அவ்வளவுதான். சறுக்கி இறங்கியது. இரண்டு தடவை, மூன்று தடவை. இவர் தலையைச் சாய்த்து ஒரு காதைக் குழாய்ப் பக்கம் கொடுத்துக் கேட்டுவிட்டு, "அதே மாதிரிதான் இருக்கு" என்றார், சொல்லும்போதே குரலில் சந்தேகம், என்னைப் பார்த்தார். அதேதாங்க என்று சொல்ல வேண்டும், சொன்னால் வீட்டுக்குப் போகலாம், சொன்னால் இனிமேல் அந்தக் கரகரப்பு இந்த ஜென்மத்தில் கிடையாது, இவருக்குத் தெரியப் போவதுமில்லை, வேறு எவனுக்கும் தெரியாது, உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும், வழவழவென்று வரட்டும், போகட்டும், விட்டது சனி.

"இல்ல" என்றேன்.

யார் சொன்னது என்று எனக்கே திக்கென்றது. டாக்டர் எஞ்சினை அணைத்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினார். "என்னம்மா இல்ல?" "அது வரல." "எது?" "காலை எடுக்கும்போது ஒண்ணு வரும், அது வரல. வளைவுல." வழவழவென்று வந்தால் எனக்கு எப்படித் தெரியும். மெயின் ரோட்டில் ஓடுகிற நூறு வண்டியில் ஒன்று மாதிரி வந்து வாசலில் நின்றால், நாலு நிமிஷம் எங்கே போகும், நான் எத்தனை தடவை ஜன்னலுக்கு ஓடுவது... ஆக, வேண்டியிருக்கிறது. எனக்குத்தான் வேண்டியிருக்கிறது. இவருக்கு ஆசை, எனக்குத் தேவை. பத்தொன்பது வருஷமாக எந்தச் சத்தத்தைக் கேட்டு அலறியடித்து ஓடினேனோ, அதையே திருப்பிக் கொடு என்று பட்டறை வாசலில் நின்று கேட்கிறேன், வாந்தி எடுத்ததையே தட்டில் போட்டு இன்னும் கொஞ்சம் வை என்கிற மாதிரி, தூ. நினைக்கும்போதே எச்சில் ஊறியது, துப்ப இடமில்லை, விழுங்கினேன்.

"எப்படிம்மா வரும்? கொஞ்சம் சொல்லிக் காட்டுங்களேன்" என்றார் டாக்டர். நான் இவரைப் பார்த்தேன், இவர் தரையைப் பார்த்தார். கரகரன்னு வரும் என்றேன். "எல்லா சைலன்சரும் கரகரன்னுதாம்மா வரும், வெடிக்கிற மாதிரியா, இருமுற மாதிரியா?" வெடிக்கிற மாதிரி இல்லை, உருளுகிற மாதிரி. "உருள்ற மாதிரின்னா?" என்ன மனுஷன் இந்த டாக்டர், விட மாட்டேன் என்கிறார், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் வேறு ஆடுகிறது, எங்கே வலிக்கிறது காட்டு என்கிற மாதிரி. வேறு வழியில்லை. முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தேன், தொண்டையைச் செருமினேன், ஐம்பத்திரண்டு வயதில், நடுப்பகலில், இரண்டு ஆம்பளைகளுக்கு நடுவில், உறுமினேன். உறுமி, அறுத்து, உருட்டினேன். நாலு உருட்டு, அடங்கல். டாக்டர் சிரிக்கவில்லை, அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு. கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவ" என்றார். செய்தேன். தொடையில் ஓங்கித் தட்டினார். "அட, குறுக்குக் குழாய். நான்தாங்க தப்பு பண்ணிட்டேன். பழசுல ரெண்டு குழாய்க்கும் நடுவுல ஏணிப்படி மாதிரி குட்டியா ஒரு குறுக்குக் குழாய் இருந்துச்சு, நான் அது பழைய மாடல்தானேன்னு, ரெண்டையும் கத்தரிக்கோல் மாதிரி சேர்த்து ஒட்டிட்டேன். அப்படிச் சேர்த்தா வழவழன்னுதான் போகும். ரெண்டும் தனித்தனியா ஓடி, நடுவுல கொஞ்சம் இடிச்சுக்கணும், அப்பதான் உருளும்." தனித்தனியாக ஓடி நடுவில் கொஞ்சம் இடித்துக்கொள்வது, அதைப் போய்க் குழாயில் சொல்கிறார், இவரையும் என்னையும் பார்த்தால் தெரியாதா.

இவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். குழாயைப் பார்த்தபடியே, சாதாரணமாக, உப்பு கொஞ்சம் குறைவு என்று சொல்கிற மாதிரி, "அன்னிக்கு போன்ல செஞ்ச பாரு, அது இன்னும் கொஞ்சம் சரியா இருந்துச்சு" என்றார்.

...

டாக்டர் வண்டியை மேலே தூக்கி, வெட்டி, ஒட்ட ஒரு மணி நேரம் ஆனது. நான் அந்தப் பிடுங்கிப் போட்ட சீட்டில் போய்ச் சாய்ந்துதான் உட்கார்ந்தேன், வேர்வையாவது ஒன்றாவது. வெல்டிங் பொறி பறக்கிறது, கண்ணைத் திருப்பிக்கொள்ளத் தோன்றவில்லை. கேட்டிருக்கிறது. அது கேட்டதென்றால் கதவுச் சத்தம், செருப்பு, "என்ன இது", மூக்கு, எல்லாம் பார்த்தாயிற்று. பார்த்துவிட்டுத்தான் ஆரஞ்சுத் தோலை ஒவ்வொன்றாக எடுத்தார். பார்த்துவிட்டுத்தான் நேற்று நீயும் வா என்றார். பத்தொன்பது வருஷம் அடுப்படியில் நின்று கேட்டிருக்கிறாய் என்பதெல்லாம் சும்மா, காற்றும் ஆணியும் பதிவான போனைவிட என் தொண்டை சரியாக இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துகொண்டு, எட்டு நாள் யோசித்து, கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். என்ன மனுஷன். கோபப்பட்டிருந்தால்கூட ஒரு மாதிரி இருந்திருக்கும், கீறலைப் பார்த்து ஒதுக்காமல், இந்தக் கீறல் எனக்கு உபயோகப்படும் என்று எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். குமட்டுகிறது. பசியாகவும் இருக்கிறது, இரண்டும் ஒரே இடத்தில்தான் போலிருக்கிறது. டாக்டர் கொடுத்த பிஸ்கட்டை அந்த ஆறின டீயில் நனைத்து நனைத்துத் தின்றேன், நனைத்துத் தின்றால் விளிம்பில் வாய் வைக்க வேண்டாமே.

வேலை முடிந்தது. பட்டறைக்குள் நிறுத்தி வைத்து மிதித்தால் தெரியாது, ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் சாவியை இவரிடம் கொடுத்தார். இவர் கைக்குட்டையால் சாவியைத் துடைத்து வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார், தெருவை ஒரு சுற்று சுற்றி வருவதாகச் சொன்னார், போனார். நான் அந்தக் குறிமேல் போய் நிற்கவில்லை, சீட்டிலேயே இருந்தேன், டாக்டர் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு கையைத் துடைத்தார். "நான் ஒண்ணு கேக்கட்டுமாம்மா? அந்தக் கரகரப்பு உங்க வீட்டு வளைவுல வரும்னீங்கல்ல, தெனமுமா வரும்?" தினமும் வரும் என்றேன். "அது தானா வராதுங்க. மூணாவது கியர்ல வர்ற வண்டிய ரெண்டாவதுக்கு எறக்கி, ஒரு முறுக்கு முறுக்கி, பட்டுனு காலை எடுக்கணும். வீடு இருக்கிற தெருவுல, எல்லாரும் மெதுவா திரும்பிப் போயிடுவாங்க. வேணும்னு செஞ்சாதான் உண்டு." வேணும்னா என்றேன். "வேணும்னுதான்" என்றார்.

வேணும்னு... பத்தொன்பது வருஷம், தினமும், அதே மதிலை ஒட்டி, மழையிலும் காய்ச்சலிலும், இவர் அப்பாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்த அன்றைக்கும். கியரை இறக்கி, முறுக்கி, காலை எடுத்து. எதற்கு. வருகிறேன், துடைத்து வை என்றா. இல்லை, வருகிறேன், துடைத்துக்கொள் என்றா. இரண்டுக்கும் எவ்வளவு தூரம். சத்தமில்லாமல் வந்து நின்றால் என்னென்ன பார்க்க வேண்டியிருக்கும் என்று தெரிந்து, அதைப் பார்க்காமல் இருக்கிறதற்காகவா, பாட்டில் வரிசைக்கு ஒரு மணி அடித்துவிட்டு உள்ளே வந்தாரா. அந்த நாலு நிமிஷம் நான் திருடினது என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, சுற்றி வந்து பார்ப்பதும் உறை போடுவதும்... உறை போட மூன்று நிமிஷம் எதற்கு, நான் போட்டால்கூட அரை நிமிஷத்தில் போட்டுவிடுவேன்.

தெருக்கோடியில் உறுமல் கேட்டது. எங்கள் வண்டியா வேறு வண்டியா. சட்டென்று அறுந்தது. உருண்டது, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அடங்கியது. என் கால் இரண்டும் தானாகச் சேர்ந்தன, முதுகு நிமிர்ந்தது, வாயில் இருந்த பிஸ்கட் இறங்கியது, கை மடியில் கிடந்த பிஸ்கட் தூளை ஒன்று விடாமல் வழித்து உள்ளங்கைக்குள் சேர்த்துவிட்டது, எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. டாக்டர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரியா இருக்காம்மா" என்று கேட்க வாயெடுத்தவர், கேட்காமலே திரும்பிக்கொண்டார்.

வண்டி வாசலில் வந்து நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டும் இவர் இறங்கவில்லை, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார், புதுக் குழாயைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்க்கவில்லை, மூடியிருந்த என் கையைப் பார்த்தார், மூக்கு ஏறும் என்று காத்திருந்தேன், ஏறவில்லை. என்ன இது என்று கேட்கவும் இல்லை. இன்னும் இறங்கவில்லை, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார், நான் முடிக்கட்டும் என்று காத்திருக்கிற மாதிரி. ஈரத் தூள் உள்ளங்கையில் பிசுபிசுக்கிறது, குப்பைத்தொட்டி எங்கே என்று தெரியவில்லை, கோப்பையில் போடலாமா, தரையில் உதறலாமா, எத்தனை நிமிஷம் ஆயிற்று என்றும் தெரியவில்லை.